செவ்வாப்பேட்டைல இருந்து மாப்ளைக்கு

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க, தங்கச்சி, பாப்பா எல்லாம் சௌக்கியமா. ரக்பி டீம்ல யார யார எடுக்கணும்னு லிஸ்ட் போட்டு நீ அனுப்புன வாய்ஸ் நோட்ட மூணு தடவ கேட்டேன். திருப்பி வாய்ஸ்லயே போடலாம்னா பட்டறைல மெஷின் சத்தத்துல ஒரு எழவும் கேக்காது, அதான் உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்க.

இங்க வெள்ளி கிலோ லட்சத்த தாண்டினதுல இருந்து வேலை படுத்துருச்சு. கெட்டிக் கொலுசு கேட்டவங்கெல்லாம் இப்ப லைட் வெயிட் இருக்கான்னு கேக்குறாங்க. அதனால ரக்பி பாக்க மட்டும் நேரத்துக்குப் பஞ்சமில்ல. உங்கூர்ல ராத்திரி ஏழு மணி மேட்ச்னா எனக்கு பகல் பன்னெண்டரை, டிபன் பாக்ஸ தொறந்து வச்சுக்கிட்டு செல்ல தண்ணி பாட்டில்ல சாத்தி வச்சா பட்டறை பசங்களும் வந்து எட்டிப் பாக்குறானுங்க.

சரி, உன் லிஸ்ட்டுக்கு வரேன். ஆல் பிளாக்ஸுக்கு, அதான் நியூசிலாந்து டீமுக்கு, 13ம் நம்பர்ல, அதாவது அவுட்சைட் சென்டர்ல, பில்லி ப்ராக்டரப் போடணும், ரீகோ யோவானேவ ஓரத்துல ஓடற விங்குக்கே அனுப்பிடணும்னு சொல்ற. உன் ஆளுதான்டா என் ஆளும். ஆனா நீ சொல்ற காரணம் இருக்கே, அதுதான் எனக்கு இடிக்குது. எத்தன டேக்கிள் போட்டான், அதான் பந்தோட வர்றவன எத்தன தடவ புடிச்சு சாய்ச்சான், எத்தன விட்டான், சதவீதம் எவ்ளோன்னு போட்டுட்டு எவனுக்கு ஜாஸ்தியோ அவன் நல்ல டிஃபெண்டர்ங்கற. அப்ப நம்ம கபடி டீம்லயும் நீதான் நல்ல கேட்சர்னு ஆகுது.

கோவிச்சுக்காத. நீ லெஃப்ட் கார்னர், நான் பக்கத்துல. பிடிச்ச கணக்குல நீதான் டாப்பு, யாரு இல்லன்னா. ஆனா ஓமலூர் பக்கம் ஒரு பொங்கல் டோர்னமெண்ட்ல ரைடர் உள்ள வந்து இன்னும் நிக்கக்கூட இல்ல, நீ என் கைய உதறிட்டு முன்னால பாஞ்ச, அவன் ஒரு எட்டு பின்னால வச்சான், நீ மண்ணக் கட்டிப் புடிச்ச, அப்புறம் நீ விட்ட சந்துலயே பூந்து என்னத் தொட்டுட்டு போயிட்டான். ஸ்கோர் ஷீட்ல அவுட் ஆனது நான். அந்தக் கடுப்பு இன்னும் போகலடா எனக்கு.

13ம் நம்பரோட வேலை கிட்டத்தட்ட அதேதான். கடைசி காவலா நிக்கிற ஃபுல் பேக்கும் விங்கர்ல ஒருத்தனோ ரெண்டு பேருமோ கிக்க பாத்துக்க பின்னால நின்னுடுவாங்க, அப்ப முன் லைன்ல ஆளு குறையும், எதிர்ல ஓடி வர்றவனுங்க கூட இருப்பானுங்க. லைனோட கடைசில நிக்கிறவன் 13. அவன் உள்ள போய் அடிச்சா பந்து வெளிய போயிடும், வெளிய நகந்தா உள்பக்கத்துல நிக்கிற 12க்கும் இவனுக்கும் நடுவுல ஓட்டை விழும். கபடில ஒரு ஆளு உள்ள வந்தா நம்ம ஏழு பேரு, இங்க தலைகீழ், மூணு பேர் வரான் நாம ரெண்டு பேரு. பந்து கைமாறுற அந்த அரை செகண்ட்ல முடிவு எடுக்கணும், அதுவும் பக்கத்துல நிக்கிறவனுக்குக் கத்திக்கிட்டே. இதுல கரெக்டா நின்னவன்கிட்ட பந்தே வராது, டேக்கிள் கணக்கு சைபர். தப்பா நின்னுட்டு வேகம் இருக்கறதால பின்னாலயே ஓடிப் புடிச்சானே, அவனுக்கு ஒண்ணு ஏறும், நீயும் கை தட்டுவ. யோவானே மாதிரி ஓடற காலு இருந்தா இந்தச் சலுகை நெறையவே கெடைக்கும். அதனாலதான் அவன் விங்குல நிக்கட்டும்ங்கறேன், 2017ல பிரிட்டன், அயர்லாந்து கூட்டு டீமான லயன்ஸ் டூர் வந்தப்ப மொத டெஸ்ட்லயே ரெண்டு ட்ரை, அதான் கோட்ட தாண்டிப் பந்த தரைல வைக்கிறது, போட்ட எடம் அது.

12ல ஜோர்டி பேரட்தான், அதுல பேச்சே இல்ல. 2023 உலகக் கோப்பை குவார்ட்டர் ஃபைனல், அயர்லாந்து மேட்ச், ஞாபகம் இருக்கா? 28-24ன்னு ஆல் பிளாக்ஸ் முன்னால, கடைசி பத்து நிமிஷத்துக்குள்ள வந்தாச்சு, அயர்லாந்து ஆளு கெலஹர் மால்ல இருந்து, அதான் கும்பலா தள்ளிட்டு வர்றது, பந்தோட கோட்ட தாண்டி விழுறான். ட்ரைன்னு நான் எந்திரிச்சே நின்னுட்டேன். பாத்தா ஜோர்டி அடில மல்லாக்கப் படுத்துருக்கான், பந்துக்கும் புல்லுக்கும் நடுவுல அவன் ஒடம்பு. அது எத்தன சதவீதம்னு சொல்லு பாப்போம். அதுக்கப்புறம் அயர்லாந்து கிளப் லென்ஸ்டர்ல போய் கோச் நீனபர்கிட்ட வேற ஆடிட்டு வந்துருக்கான், தென்னாப்பிரிக்காவுக்கு அந்த வரிசையா முன்னால பாயற டிஃபென்ஸ செஞ்சு குடுத்த ஆளு அவரு. எதிரி வீட்டு சமையல்கட்டுக்குள்ளயே போய்ப் பாத்துட்டு வந்த மாதிரி.

அடுத்த நாள் தென்னாப்பிரிக்கா ஃபிரான்ஸ் மேட்ச்ல தென்னாப்பிரிக்கா விங்கர் கோல்பி பண்ணது இன்னொரு ரகம். ஃபிரான்ஸோட ராமோஸ் ட்ரைக்கு அப்புறம் வர்ற கன்வெர்ஷன் கிக்க அடிக்கக் கால எடுத்து வைக்கிறான், இவன் கோட்டுல இருந்து பறந்து வந்து பந்த கைல தடுத்துட்டான். ஃபிரான்ஸுக்கு ரெண்டு பாயிண்ட் போச்சு. தென்னாப்பிரிக்கா ஜெயிச்சது 29-28. விங்கரோட டிஃபென்ஸ்னு அத எந்தக் கட்டத்துல எழுதுவ? அதே ஆளு ஃபைனல்ல பந்த வேணும்னே தட்டிவிட்டு மஞ்ச கார்டு வாங்கி, ஜெர்சிய மூஞ்சில இழுத்துவிட்டுக்கிட்டு உக்காந்துருந்தான், பாவமாவும் இருந்துச்சு சிரிப்பாவும் இருந்துச்சு.

பழைய பேருக்காக ஆள எடுக்கணுமா இப்ப இருக்கற ஃபார்முக்காகவான்னு கேட்டியே. நான் ஃபார்ம் கட்சி. 2013ல லயன்ஸ் மூணாவது டெஸ்டுக்கு கோச் கேட்லண்ட் அயர்லாந்து ஸ்டார் ஓ'ட்ரிஸ்கால வெளிய ஒக்கார வச்சுட்டு ஜோனத்தன் டேவிஸ 13ல போட்டப்ப அயர்லாந்தே கொதிச்சுது, நாலு டூர் போன மனுஷன பெஞ்சுலகூட வைக்கலயேன்னு. சிட்னில ஆஸ்திரேலியாவ 41-16ன்னு ஜெயிச்சாங்க, சத்தம் அடங்கிடுச்சு. ஆனா ஃபார்ம்னு நான் சொல்றது போன வாரம் போட்ட ட்ரை இல்ல, அது பாலிஷ். பாலிஷ் போட்டா எந்த வெள்ளியும் மின்னும்டா, டச், அதான் சுத்தம், என்னன்னு உரைச்சுல்ல பாக்கணும். 2025ல வெலிங்டன்ல தென்னாப்பிரிக்காகிட்ட ஆல் பிளாக்ஸ் 43-10ன்னு வாங்கினாங்களே, இடைவேளைல 10-7ன்னு முன்னால இருந்த டீம் அது, செகண்ட் ஹாஃப்ல ஒரு பாயிண்ட் கூட இல்ல. அந்த நாப்பது நிமிஷத்த சவுண்ட ஆஃப் பண்ணிட்டு, பந்த பாக்காம பேக்ஸ், அதான் 9ல இருந்து 15 வரைக்கும் ஆளுங்க, எங்க நிக்கிறாங்கன்னு மட்டும் பாரு. யார எடுக்கணும்னு தானா தெரியும்.

இதெல்லாம் ஏன் இவ்ளோ சூடா எழுதறேன்னா நம்ம வீட்லயே ஒண்ணு ஆச்சு. அக்காவ ஏற்காட்லதான குடுத்துருக்கோம், அவ பையன் செவன்ஸ், அதான் ஏழு பேர் ரக்பி, ஆடறான். ட்ரையலுக்குப் போனான், எடுக்கல. மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டு எவன்கிட்டயும் பேசறதில்லன்னு அக்கா போன் பண்ணி அழுதுச்சு, ஞாயித்துக்கெழம வண்டிய எடுத்துட்டு இருவது பெண்டும் ஏறிப் போனேன், மேல ஒரே பனி, கண்ணாடிய தொடச்சு தொடச்சு ஓட்டினேன். ஏரிக்கரைல ஒக்காந்து செல்லுல வீடியோ காமிச்சான். ஒருத்தன் தனியா பந்தோட வரான், இவன் நேரா போகல, கோட்டுப் பக்கம் வழி விட்ட மாதிரி கோணலா நின்னு உள்பக்கத்த மட்டும் அடைச்சுக்கிட்டே நகர்றான், அவனும் சந்து கெடச்சுதுன்னு ஓடி ஓடி கடைசில தானே கால கோட்டுக்கு வெளிய வச்சுட்டான். இவன் வெரல் கூட படல. "டேக்கிள் கம்மின்னு சொல்லிட்டாங்க மாமா" ன்னான். எனக்கு உன் லிஸ்ட்தான் ஞாபகம் வந்துச்சு, மன்னிச்சுக்க.

நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் கதைய சொன்னேன் அவனுக்கு. நெட் பவுலரா ஆஸ்திரேலியா போனவரு, அங்க ஒவ்வொருத்தனா அடிபட்டு விழ அதே டூர்ல மூணு ஃபார்மெட்லயும் எறங்கினாரு. தென்னாப்பிரிக்கா ரக்பி டீம் போலார்டும் அப்படித்தான, 2023 உலகக் கோப்பைக்கு மொத லிஸ்ட்லயே பேரு இல்ல, அடிபட்டது முன்வரிசைல ஆடற ஹூக்கர், கூப்பிட்டது 10ம் நம்பர் இவர, ஃபைனல்ல பன்னெண்டு பாயிண்டும் இவரு காலுதான். பையன் கேட்டான், சிரிக்கல, ஆனா சூடா ரெண்டு பஜ்ஜி சாப்ட்டான்.

ஆங், ஒண்ணு சொல்ல மறந்தேன். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருசா வருசம் ஆடற கல்கத்தா கப் இருக்குல்ல, அது நம்மூரு ரூபாடா! கல்கத்தால இருந்த ரக்பி கிளப்ப மூடறப்ப பேங்க்ல இருந்த காச வெள்ளி ரூபாயா எடுத்து உருக்கி அடிச்சது, மூணு கைப்பிடியும் நாகப்பாம்பு, மூடி மேல ஆனை. 1988ல ரெண்டு பிளேயர்ஸ் அத எடின்பரோ தெருவுல உதைச்சு வெளாடி நசுக்கிட்டானுங்க. அந்தப் பாம்ப பத்த வைக்க எத்தன நாள் ஊதியிருப்பான் ஒருத்தன், பாவி பசங்க.

பாப்பாவுக்கு கொலுசு பண்ணி வச்சுருக்கேன், சலங்கை கம்மியாத்தான் கோத்துருக்கேன், ஸ்கூலுக்கும் போட்டுக்கலாம். போன வருசத்து அளவு பத்தாது, கணுக்கால்ல நூல சுத்தி ஸ்கேல்ல வச்சு இஞ்ச்ல சொல்லு, தூங்கறப்ப அள, முழிச்சிருந்தா ஆட்டிக்கிட்டே இருப்பா. அப்புறம் 15ல, ஃபுல் பேக்குக்கு, யாருன்னு நீ சொல்லவே இல்ல, வில் ஜோர்டன்னு சொன்னா ஒரு தனி லெட்டர் வரும்.

உன் மச்சான்