இரும்பின் மேல் ஒரு வாழ்நாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நோபல் பரிசுச் செய்திகளில் பெயர் வருகிறது, செய்த வேலை வருவதில்லை. ஜெர்மனியின் கெர்ஹார்ட் எர்ட்ல் இயற்பியல் படித்தவர்; 2007-இல் வேதியியல் நோபல் பெற்றார், அந்த அறிவிப்பு வந்ததும் அவருடைய 71-ஆவது பிறந்தநாளன்று! உர ஆலையில் அம்மோனியா எப்படி உருவாகிறது? வினையை விரைவுபடுத்தும் இரும்பின் பரப்பில் நைட்ரஜன் மூலக்கூறு முதலில் இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. அதுதான் மிக மெதுவான படி. அப்புறம் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டுகின்றன. காற்று பட்டாலே உலோகப் பரப்பு அழுக்காகிவிடும் என்பதால், உயர் வெற்றிடக் கலத்துக்குள் வைத்து இதைப் பொறுமையாகக் கண்டறிந்தார். பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு எரிவதையும் ஆராய்ந்தார். கார் புகையைச் சுத்தமாக்கும் வினை அது. உங்கள் அறிவியல் பக்கத்தில் இவரைப் பற்றி விரிவாக எழுதுங்கள், படங்களோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்