ஆளுநரை விட்டுவிட்டு விடுதலை வீரரை எழுதாதீர்கள்

லத்தீன் அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கும் பதிப்பிக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

நம் புத்தகங்களில் தென் அமெரிக்கக் கதை பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. கொலம்பஸ் வருகிறார். ஸ்பானியப் படையெடுப்பாளர்கள் கோர்த்தேசும் பிசாரோவும் கொள்ளையடிக்கிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் விடுதலை வீரர் பொலிவார் குதிரை ஏறிவிடுகிறார். அவர் இறங்கியதும் நேராக சே குவேராவிடம் போய்விடுகிறோம். இடையில் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஸ்பானிய ஆளுநர்கள் ஆண்டார்கள். விடுதலைக்குப் பிறகு இருபது முப்பது ஆண்டுகள் புதிய தலைவர்கள் தட்டுத்தடுமாறி ஆண்டார்கள். இந்த இரண்டு காலமும் நம்மிடம் காணவில்லை. ஆளுநர் தலைகாட்டினால் வில்லனாக ஒரு பத்தி, தலைவர் வந்தால் சிலையாக ஒரு பத்தி, அவ்வளவுதான்.

இருவரையும் ஒரே அத்தியாயத்தில் வைத்து எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஏன் என்பதற்கு சிலி நாடு ஒன்றே போதும்.

சிலியின் விடுதலைத் தலைவர் பெர்னார்டோ ஓஹிகின்ஸ். அவருடைய அப்பா அம்ப்ரோசியோ ஓஹிகின்ஸ், அதே சிலியின் ஸ்பானிய ஆளுநர். அயர்லாந்தின் ஸ்லைகோ பகுதியில் பிறந்து, காடிஸ் துறைமுகம் வழியாகத் தென் அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர். ஆண்டிஸ் மலைப்பாதையில் பனியில் சிக்கும் தபால்காரர்கள் ஒதுங்கச் சிறு வீடுகள் கட்டிக் கவனத்துக்கு வந்தார். படையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, 1788-இல் ஆளுநரானார். மறு ஆண்டே, பழங்குடிகளைக் கட்டாய உழைப்புக்கு ஒப்படைக்கும் என்கொமியெந்தா முறையைச் சிலியில் ஒழித்து ஆணையிட்டார். சாண்டியாகோவிலிருந்து வால்பரைசோ துறைமுகத்துக்குச் சாலை போட்டார், ஊர்களை நிறுவினார். 1796-இல் பெருவின் வைஸ்ராய், அதாவது தென் அமெரிக்காவில் ஸ்பெயினுக்கு இருந்த மிகப் பெரிய பதவிகளில் ஒன்று. இவரை வில்லன் பத்தியில் எப்படி அடைப்பீர்கள்? புனிதர் ஆக்கவும் வேண்டாம். அவர் செய்ததெல்லாம் அரசருடைய கஜானாவுக்காகவும் எல்லைப் பாதுகாப்புக்காகவும்தான்.

பெர்னார்டோ 1778-இல் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். தாய் இசபெல் ரிகெல்மே. அந்தக் காலத்தில் உயர் அதிகாரிகள் உள்ளூர்ப் பெண்ணை மணக்க அரசரின் அனுமதி வேண்டும். பையன் வேறு வீட்டில் வளர்ந்தான், பெருவின் தலைநகர் லிமாவுக்கும் பிறகு இங்கிலாந்துக்கும் படிக்க அனுப்பப்பட்டான். பணம் அப்பாவுடையது, உறவு மட்டும் இல்லை. லண்டனில் அவனுக்குப் பாடம் சொன்னவர் யார் தெரியுமா? ஸ்பானியப் பேரரசை உடைக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த பிரான்சிஸ்கோ தெ மிராண்டா! மகனின் இந்தச் சகவாசம் வைஸ்ராயின் பதவிக்கே உலை வைத்ததாகச் சொல்வார்கள். 1801-இல் லிமாவில் அம்ப்ரோசியோ இறந்தார். அவர் விட்டுப்போன லாஸ் கான்தெராஸ் பண்ணை மகனுக்கு வந்தது. அதன் பிறகுதான் அவர் ரிகெல்மே என்ற பெயரை விட்டு ஓஹிகின்ஸ் ஆனார். அவரை அந்தப் பகுதியில் பெரிய மனிதராக்கியது ஆளுநரின் சொத்துதான். அப்பாவை நீக்கிவிட்டுப் படித்தால் மகன் எங்கிருந்து முளைத்தார் என்றே புரியாது.

சிலி கொண்டாடும் தேசிய நாள் செப்டம்பர் 18. 1810-இல் அந்த நாளில் அமைந்த முதல் தன்னாட்சிக் குழுவுக்குத் தலைவர் மத்தேயோ தெ தோரோ சாம்பிரானோ. எண்பது வயது தாண்டியவர், கோமகன் பட்டம் பெற்றவர், அதற்கு முந்தைய நாள்வரை ஸ்பெயினின் இடைக்கால ஆளுநர். குழு எடுத்த உறுதிமொழியும் ஸ்பெயின் அரசர் ஏழாம் பெர்னாந்துவின் பெயரால்தான்! இது சிலியில் மட்டும் நடந்த விசித்திரம் இல்லை. பராகுவேயில் 1811 மே மாதப் புரட்சிக்குப் பிறகு அமைந்த மூவர் குழுவில், சில வாரங்கள்தான் என்றாலும், ஸ்பானிய ஆளுநர் பெர்னார்டோ தெ வெலாஸ்கோவும் ஒருவர்.

காபினோ கைன்சாவின் கதை இன்னும் சுவையானது. 1814 மே மாதம் சிலியில் அரசர் தரப்புப் படைத்தலைவராக இருந்து, இதே பெர்னார்டோ ஓஹிகின்சோடு லிர்காய் என்ற போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். அதற்காக மேலிடத்தின் விசாரணைக்கும் ஆளானார். ஏழு ஆண்டு கழித்து அவர் குவாத்தமாலாவில் ஸ்பெயினின் ஆட்சிப் பொறுப்பில் இருக்கிறார். 1821 செப்டம்பர் 15 அன்று மத்திய அமெரிக்காவின் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டு, அதே நாற்காலியில் புதிய ஆட்சியின் தலைவராக உட்கார்ந்துகொண்டார். இந்த ஆள் ஏன் நம் புத்தகம் ஒன்றிலும் வருவதில்லை என்பது எனக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

சரி, மேல்தட்டு ஆட்களை விடுங்கள். ஆளுநர்களை ஒதுக்குவதால் நாம் புரிந்துகொள்ளாமல் போவது தெற்குச் சிலியின் பழங்குடிகளான மபுச்சே மக்களை. விடுதலை வீரர்கள் அவர்களைத் தங்கள் கொடிக்கும் கவிதைக்கும் அடையாளமாக்கிக்கொண்டார்கள். ஆனால் 1819-க்குப் பிறகு தெற்கே நடந்த கொடூரமான போரில் மபுச்சே குழுக்கள் பல அரசர் தரப்பில் நின்றன. நல்லவர், கெட்டவர் என்று பிரித்து எழுதினால் இதற்கு விளக்கமே கிடைக்காது. ஆளுநர்கள் பீயோபீயோ ஆற்றை எல்லையாக ஏற்று, அவர்களோடு உட்கார்ந்து பேசி உடன்பாடு செய்துவந்தார்கள். அம்ப்ரோசியோவே 1793-இல் நெக்ரெத்தேயில் அப்படியொரு பெரிய கூட்டத்தை நடத்தினார். அந்த உடன்பாட்டைப் புதிய அரசு மதிக்குமா என்ற சந்தேகம் அவர்களுக்கு இருந்தது. 1825-இல் தாபிவேயில் குடியரசும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. 1860-களில் தொடங்கி 1883-க்குள் அதே குடியரசின் படை அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆட்சி முறையிலும் இப்படித்தான். ஸ்பானிய ஆளுநர் பதவியை விட்டு இறங்கும்போது ரெசிதென்சியா என்ற விசாரணை நடக்கும், பாதிக்கப்பட்ட எவரும் வந்து புகார் சொல்லலாம். சிலியின் ஆட்சித் தலைவராகிவிட்ட பெர்னார்டோ 1817-இல் பிரபுக்களின் பட்டங்களை ஒழித்தார், மறு ஆண்டு மூத்த வாரிசுச் சொத்துரிமையிலும் கைவைக்கப் பார்த்தார். பெரிய குடும்பங்களுக்கு இது பொறுக்கவில்லை. விடுதலை அணியிலேயே அவருக்குப் போட்டியாக இருந்த கரேரா சகோதரர்கள் கொல்லப்பட்ட பழி, பெருவுக்கு அனுப்பிய கடற்படையின் செலவு, பதவிக்காலத்தை நீட்டிக்கும்படி எழுதிய 1822 அரசியலமைப்பு என்று எல்லாம் சேர்ந்து 1823 ஜனவரி 28 அன்று அவரைப் பதவி விலகவைத்தன. விலகியவரை அப்படியே விட்டுவிடவில்லை. வால்பரைசோவில் தடுத்துவைத்து ரெசிதென்சியா விசாரணை! விடுதலை வீரரை விசாரித்தது பழைய ஆளுநர்களுக்கான முறை. பிறகு பெருவுக்குப் போனவர், 1842-இல் இறக்கும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. ஸ்பெயின் 1780-களில் கொண்டுவந்த இன்தென்தென்தே என்ற பதவியும் அப்படித்தான். மேலிருந்து நியமிக்கப்பட்டு வட்டாரத்தை ஆளும் இந்தப் பதவியில் அம்ப்ரோசியோவும் கன்செப்சியோனில் இருந்தவர். சிற்சில மாற்றங்களோடு சிலியில் இது 2021 வரை நீடித்தது. அதற்குப் பிறகுதான் வட்டார ஆளுநர்களை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை வந்தது.

பின்னிணைப்பில் ஆளுநர்களின் பெயரையும் ஆண்டையும் அடுக்கி நாலு பக்கம் ஒப்பேற்றிவிடாதீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். அம்ப்ரோசியோவுக்கு ஓர் அத்தியாயம், கைன்சாவுக்குப் பாதி அத்தியாயம், நெக்ரெத்தே கூட்டத்துக்குச் சில பக்கம் வேண்டும். இடம் இல்லையென்றால் சிலி விடுதலைப் போரின் சகபூக்கோ, மைப்பூ போர்க்கள வருணனைகளைக் குறையுங்கள். எந்தக் குதிரைப்படை எந்தப் பக்கம் பாய்ந்தது என்பதை ஏற்கெனவே வேண்டிய அளவு படித்துவிட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கும் ஒரு வாசகர்