எதிர் வீட்டு அம்மா

25.7.2021

அன்புள்ள பாப்பாவுக்கு,

"இதையெல்லாம் போன்ல பேசாதம்மா" என்று போன வாரம் நீ சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை, அதனால்தான் தாளை எடுத்தேன்.

நீ எப்போதோ பார்க்கச் சொன்ன ஜெர்மன் படம், 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்', அதை நேற்று ராத்திரி நானும் அப்பாவும் பார்த்தோம். 1984, கிழக்கு பெர்லின். ஒரு நாடக ஆசிரியர் வீட்டுச் சுவருக்குள் ஒயர் இழுத்துவிட்டு, மேலே பரண் மாதிரி ஓர் இடத்தில் ஹெட்போனோடு உட்கார்ந்து அவர் வீட்டில் நடப்பதையெல்லாம் ரகசியப் போலீஸ்காரன் ஒருத்தன் டைப் அடிக்கிறான். கேட்டுக் கேட்டே அவன் மனசு மாறுவதைப் பற்றித்தான் அப்பா படுக்கப் போகும்வரை பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த எதிர் வீட்டு அம்மாதான். ஒயர் இழுப்பதை அவள் கதவு ஓட்டை வழியாகப் பார்த்துவிடுகிறாள். அவன் வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொல்கிறான், யாரிடமாவது வாயைத் திறந்தால் உன் மகளுடைய மருத்துவப் படிப்பு போய்விடும் என்று. அப்புறம் அந்த எழுத்தாளரே டை கட்டத் தெரியாமல் அவளிடம் உதவிக்கு வருகிறார், இது நமக்குள் ரகசியமாக இருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். அவள் கட்டிவிடுகிறாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை பாப்பா.

போன வருஷம் உன் கட்டுரை வந்தபோது "நமக்கு எதுக்கும்மா இந்த வம்பு, எடுத்துடச் சொல்லு" என்று நான் அழுதேனே. என்னை யாரும் மிரட்டக்கூட இல்லை.

போனை வேவு பார்க்கிற பெகாசஸ் மென்பொருள் பற்றிய செய்தி வந்து இன்றோடு ஒரு வாரம். பத்திரிகைக்காரர்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் நம்பரெல்லாம், அதை வைத்து வேவு பார்க்கக் குறித்திருக்கலாம் என்று சொல்லப்படும் பட்டியலில் இருக்கிறதாம். அரசுகளுக்கு மட்டும்தான் விற்கிறோம் என்று அதைத் தயாரிக்கிற இஸ்ரேல் கம்பெனியே சொல்கிறது, வாங்கினோமா இல்லையா என்ற கேள்விக்கு மட்டும் நம் அரசு நேராகப் பதில் சொல்லவில்லை. போன் ஒட்டுக்கேட்ட விவகாரத்தில் 1988இல் கர்நாடக முதல்வர் ஹெக்டே ராஜினாமா செய்தார். 1991இல் ராஜீவ் காந்தி வீட்டு வாசலில் ஹரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வேவு பார்த்தார்கள் என்று காங்கிரஸ் கொதிக்க, சந்திரசேகர் பிரதமர் பதவியையே விட்டுவிட்டுப் போனார். அதையெல்லாம் பேப்பரில் படித்தவள் நான். இன்றைக்குத் தெருவில் யாரைக் கேட்டாலும் "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்" என்கிறார்கள், கோபமாக வருகிறது. அந்த எழுத்தாளர் என்ன தப்பு செய்தார்? ஒரு மந்திரி அவர் காதலி மேல் ஆசைப்பட்டான், அதற்குத்தான் அத்தனை ஒயரும்.

இப்போது ஒயரும் வேண்டாம், பரணும் வேண்டாம். நீ எந்த லிங்க்கையும் தொடாமலேயே போனுக்குள் புகுந்து மைக்கையும் கேமராவையும் திறந்துவிடுமாமே. மனசு மாற அங்கே ஆளே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் போனைத் தெரிந்தவர்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார். அந்தக் கட்டுரையை நான் எடுக்கச் சொன்னதை மறந்துவிடு, அடுத்ததை எழுதினால் முதலில் எனக்கு அனுப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல் கூப்பிடு, நான் எல்லாவற்றையும் பேசத்தான் போகிறேன், கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அம்மா