கார் சார்ஜ் செலவு: கடைசி யூனிட்டின் விலையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்களிடம் "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான்" என்று ஷோரூமில் சொல்கிறார்கள். வாங்கியவர்களில் சிலரோ "மூன்றரை ரூபாய் ஆகிறது" என்கிறார்கள். இரண்டுமே உண்மைதான். எந்த வீட்டு மீட்டர், எந்த சார்ஜர் என்று சொல்லாமல் பேசுவதால்தான் குழப்பம். தமிழ்நாட்டு மின்கட்டண முறையில் இந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைத் தங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் நடுத்தரக் காரை எடுத்துக்கொள்வோம். நமக்கு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் கணக்கு 2,000 கிலோமீட்டருக்கு. பேட்டரியின் ஒரு யூனிட்டுக்கு ஏசியோடு 7 கிலோமீட்டர் ஓடும் என்றால் 286 யூனிட் வேண்டும். ஆனால் வீட்டு மீட்டரில் 325 யூனிட் ஓடியிருக்கும். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை, காருக்குள் இருக்கும் சார்ஜர் பேட்டரிக்கு வேண்டிய நேர்மின்சாரமாக மாற்றும்போது ஒரு பங்கு வெப்பமாகப் போகிறது. சார்ஜ் ஏறும் நேரம் முழுவதும் காரின் கம்ப்யூட்டரும் பம்பும் விழித்திருக்கின்றன. மெதுவாக ஏற்றினால் அவை விழித்திருக்கும் நேரமும் கூடும். நூறு யூனிட் மீட்டரில் ஓடினால் 88 பேட்டரிக்குள் போனது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இழப்பை ஷோரூம் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

இனி விலை. இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசம், 400 வரை நாலேமுக்கால் ரூபாய் அளவில், 500 வரை ஆறேகால் ரூபாய்ச் சொச்சம், 600 வரை எட்டரை, 800 வரை ஒன்பதரை, 1,000 வரை பத்தரை, அதற்கு மேல் பதினொன்றரை ரூபாயைத் தாண்டும். காருக்கான யூனிட் எப்போதும் வீட்டுச் செலவின் தலைமேல்தான் போய் உட்காரும். எனவே மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து "எங்கள் வீட்டில் சராசரி ஐந்து ரூபாய்" என்று சொல்வது தவறான கணக்கு.

கார் இல்லாமல் 200 யூனிட் ஓடும் சிறு குடும்பத்துக்கு பில் 2,000 ரூபாய் கூடும். இந்த வீட்டுக்கு மட்டும் அந்த "ஒரு ரூபாய்" உண்மை. ஒரு ஏசியோடு 450 யூனிட் ஓடும் வீட்டுக்கு 3,050 ரூபாய் கூடும். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். இரண்டு ஏசி, ஹீட்டர் என்று ஏற்கெனவே 900 யூனிட் ஓடும் வீட்டில் 3,650 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒன்று எண்பது. அதே கார், அதே சாலை.

இதில் 500-வது யூனிட் ஒரு பள்ளம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. 501 ஆனதும் அந்தச் சலுகை மொத்தமாகப் போய், 235 ரூபாய் அளவுக்கு ஒரேயடியாக ஏறுகிறது. மேலே சொன்ன 200 யூனிட் வீடு காரோடு 525-க்குப் போகிறது அல்லவா? அந்தக் கடைசி 25 யூனிட்டின் விலை மட்டும் 450 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு 18 ரூபாய். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரீடிங் எடுப்பதற்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பாருங்கள். அந்த பில்லுக்கான யூனிட் 480-ஐத் தொட்டிருந்தால், அலுவலகத்தில் சார்ஜ் வசதி இருப்பவர்கள் மீதி நாட்களை அங்கே ஓட்டிவிடலாம்.

பொது ஃபாஸ்ட் சார்ஜருக்கு வருவோம். நெடுஞ்சாலைகளில் யூனிட் 18 முதல் 25 ரூபாய் வரை வாங்குகிறார்கள். பல செயலிகளில் முதலில் தெரிவது வரி சேராத விலை. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் சார்ஜ் போடுவது சேவை என்பதால் 18 சதவீதம் உண்டு. 20 ரூபாய் என்று பார்த்துப் போனால் கையை விட்டுப் போவது 23 ரூபாய் 60 காசு. இங்கே மின்மாற்றம் சார்ஜருக்குள்ளேயே நடந்துவிடுவதால் பொதுவாக காருக்குள் போன யூனிட்டுக்குத்தான் பணம். 286 யூனிட்டுக்கு 6,750 ரூபாய், கிலோமீட்டருக்கு மூன்று முப்பத்தேழு. பெட்ரோல் 100 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் ஆறு அறுபத்தேழு. ஃபாஸ்ட் சார்ஜரை மட்டுமே நம்பினாலும் பெட்ரோலைவிடப் பாதிதான். ஆனால் வீட்டு சார்ஜைவிட, வீட்டைப் பொறுத்து, ஏறக்குறைய இரண்டு மடங்கு முதல் மூன்று மடங்குக்கு மேல் வரை.

80 சதவீதத்துக்கு மேல் பேட்டரியைக் காக்க கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். யூனிட் விலை மாறாது, நேரம்தான் போகும். சில இடங்களில் சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காவிட்டால் நிமிடக் கணக்கில் தனிக் கட்டணம். இரண்டு கன் (காரில் செருகும் பிடி) உள்ள 60 கிலோவாட் சார்ஜரில் பக்கத்து வண்டியும் ஏற்றினால், அந்த 60 பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்து 30 ஆகிவிடும்.

வீட்டில் போடுவது மலிவு என்பதற்காக ஹாலில் இருக்கும் பழைய ஏசி பாயின்டிலிருந்து ஒயரை இழுக்காதீர்கள். மிக்சி இரண்டு நிமிடம் ஓடும். காரோ பத்து மணி நேரம் விடாமல் 13 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சாக்கெட்டின் திருகு லேசாகத் தளர்ந்திருந்தாலும் அந்த ஒரு புள்ளி சூடாகி, பிளக்கின் காலைச் சுற்றிப் பழுப்பாகி, பிறகு உருகத் தொடங்கும். முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் ஏறியதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் நிறுத்திவிடுங்கள். மெயின் போர்டிலிருந்து நேராக 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், வேறு எதுவும் சேராத 20 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவை மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். இவ்வளவும் வேண்டும். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தால் காரணம் பெரும்பாலும் எர்த். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் குழியையும் நியூட்ரல் இணைப்பையும் சோதித்துச் சரிசெய்ய வேண்டும். எர்த்தை நியூட்ரலோடு முடிச்சுப் போட்டு விளக்கைப் பச்சையாக்கிக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பே ஷாக் அடிக்கும். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

7.2 கிலோவாட் வால்பாக்ஸ் (சுவரில் பொருத்தும் சார்ஜர்) யூனிட் விலையைக் குறைக்காது, நேரத்தைத்தான் குறைக்கும். ஒரே பேஸில் 30 ஆம்பியருக்கு மேல் இழுப்பதால், சிங்கிள் பேஸ் இணைப்புள்ள வீடுகள் மூன்று பேஸுக்கு மாறி மின்பளுவையும் கூட்ட வேண்டிவரும். தினம் 40 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மேலே சொன்ன 16 ஆம்பியர் சாக்கெட்டே போதும்.

அடுக்குமாடியில் பொது மீட்டரிலிருந்து எடுத்தால் அடுக்கு கிடையாது. பெரும்பாலான அடுக்குமாடிகளில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் ஒரே விலை. கிலோவாட்டுக்கு நிலைக்கட்டணம் தனி. அதிகம் செலவாகும் வீட்டுக்கு இதுவே மலிவாக வரலாம். காருக்கென்று தனி இணைப்பு கேட்கும் உரிமையை மத்திய அரசின் 2024 மின்நுகர்வோர் உரிமைத் திருத்த விதிகள் தந்திருக்கின்றன. விண்ணப்பிக்கும் முன், அது எந்தக் கட்டண வகையில் வரும் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு கோரிக்கைகள். ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கும் இடத்தில், பெட்ரோல் பங்கில் இருப்பதுபோல, வரி சேர்த்த யூனிட் விலையைப் பலகையில் பெரிதாக எழுத வைக்க வேண்டும். வீட்டு மீட்டரிலோ மாலை ஏழு மணி யூனிட்டும் இரவு இரண்டு மணி யூனிட்டும் ஒரே விலை. அதனால் வேலையிலிருந்து வந்ததும் எல்லோரும் பிளக்கைச் செருகுகிறார்கள். ஏசியும் ஓடும் அதே நேரத்தில் தெரு டிரான்ஸ்பார்மர் திணறுகிறது. இரவு 11 முதல் காலை 5 வரை கார் சார்ஜுக்குக் குறைந்த கட்டணம் வைத்தால் போதும். குறித்த நேரத்தில் சார்ஜைத் தொடங்கும் டைமர் பல கார்களில் இருக்கிறது.

இப்படிக்கு,
மின்பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.