செயலாளரின் ஆண்டறிக்கை, 2024 ஒக்டோபர் – 2025 செப்டெம்பர்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இந்த மழையிலும் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கலைவிழா, முதியோர் ஒன்றுகூடல் பற்றி உபசெயலாளர் தனியாக எழுதியிருக்கிறார். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் நம் உதவி மேசையின் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதிலும் முக்கியமாக, நீண்டகால நோயோ உடல், மனக் குறைபாடோ உள்ளவர்களுக்குப் பிரித்தானிய அரசு தரும் பிப் (PIP) கொடுப்பனவு மறுக்கப்பட்ட நம்மவர்களோடு, அந்த மறுப்பை எதிர்த்து மேன்முறையிடும் தீர்ப்பாயத்துக்குப் போய், அவர்களுக்குப் பக்கத்தில் பிரதிநிதியாக உட்காரும் வேலையைப் பற்றி.

மண்டபத்தில் அடிக்கடி கேட்கிறார்கள்: "நீங்கள் சட்டத்தரணிகளா? இல்லையென்றால் எப்படி உள்ளே விடுகிறார்கள்?" எங்களில் ஒருவரும் சட்டத்தரணி இல்லை. ஒருவர் ஓய்வுபெற்ற கணக்காளர், ஒருவர் பாடசாலை உதவியாளர், ஒருவர் இரவில் பொதி பிரிக்கும் வேலை செய்யும் தம்பி. இந்தத் தீர்ப்பாயத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளிலேயே, பிரதிநிதி சட்டத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறது. மேன்முறையீட்டுப் படிவத்தில் பிரதிநிதியின் பெயரை எழுதி விண்ணப்பதாரர் கையெழுத்திட்டால் போதும். கட்டணம் இல்லை. தோற்றாலும் மற்றத் தரப்பின் செலவைக் கட்டும்படி உத்தரவு போட முடியாது. இந்த நாட்டில் இது புதிய பழக்கமும் இல்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையங்கள் 1939இலிருந்து தொண்டர்களை வைத்தே ஆலோசனை சொல்லி வருகின்றன. ஆனால் 2013 ஏப்ரல் 1 முதல் இத்தகைய வழக்குகளுக்கு முதல் நிலைத் தீர்ப்பாயத்தில் அரச சட்ட உதவி நின்றுபோன பிறகுதான், எங்களைப் போன்ற சின்னச் சங்கங்களின் கதவை இத்தனை பேர் தட்டத் தொடங்கினார்கள்.

இந்த ஆண்டு 14 பேரோடு விசாரணைக்குப் போனோம். 9 பேருக்கு முடிவு மாறியது. 3 பேருக்கு மாறவில்லை. 2 பேரின் விசாரணை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

இந்த வேலையில் சட்டம் சின்னப் பகுதிதான். பெரிய பகுதி, நம்மவர்களின் வாயிலிருந்து உண்மையை வரவழைப்பது. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் நம் வாயில் முதலில் வருவது "பரவாயில்லை, சமாளிக்கிறன்" என்பதுதான். அது மரியாதைக்குச் சொல்லும் பதில். பிப் கேட்பவரிடம் கேள்வி கேட்டு மதிப்பீட்டாளர் எழுதும் அறிக்கையில் அதே சொல் "தன் வேலைகளைத் தானே சமாளிக்கிறார்" என்று ஏறிவிடுகிறது.

ஓர் அம்மாவின் விடயத்தைச் சொல்கிறேன். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன், அடையாளம் தரும் விவரங்களை விட்டுவிட்டேன். இரண்டு கையிலும் மூட்டுவாதம். சமையல் பற்றிக் கேட்டபோது "நான்தான் சமைக்கிறன்" என்று சொல்லியிருக்கிறார். சமைக்க முடியவில்லை என்று ஓர் அந்நியரிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்கு அறிக்கையில் பூச்சியப் புள்ளி. நாங்கள் அவர் வீட்டுக் குசினியில் இருந்து ஒரு நாளை விடியற்காலையிலிருந்து எழுதினோம். மகள் வேலைக்குப் போகமுன் மரக்கறி வெட்டி, தேங்காய் துருவி வைத்துவிட்டுப் போகிறா. அம்மா ஸ்டூலில் இருந்து கிளறுகிறா. பானையை இறக்க மகன் பாடசாலையால் வரும்வரை அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறா. இரண்டு முறை கைநழுவிக் கொதிநீர் காலில் பட்டிருக்கிறது. விதி கேட்பது, புதிய பொருட்களை வைத்து ஒருவருக்கு ஒரு வேளை எளிய சாப்பாடு செய்ய முடியுமா என்பது. அதையும் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க விதத்தில், தேவையான அளவு திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். இந்த நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் "முடியும்" என்று எழுத முடியாது. விசாரணையில் தீர்ப்பாயக் குழுவின் வைத்தியர் உறுப்பினர் கேட்ட முதல் கேள்வியே "பானையை யார் இறக்குவது?" என்பதுதான். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னா. நாங்கள் ஒரு வார்த்தையும் பேசத் தேவைப்படவில்லை.

பிப்பில் நாளாந்த வாழ்க்கை, நடமாட்டம் என்று இரண்டு பகுதி. ஒவ்வொரு செயற்பாட்டிலும் உள்ள சிரமத்துக்கு ஏற்பப் புள்ளி போடுவார்கள். நாளாந்த வாழ்க்கைப் பகுதியில் 8 புள்ளி என்றால் சாதாரண வீதம், 12 என்றால் உயர் வீதம். 2025 ஏப்ரலிலிருந்து ஓராண்டுக்கு அது முறையே கிழமைக்கு 73.90 பவுண், 110.40 பவுணாக இருந்தது. அந்த வித்தியாசம் ஒரு வீட்டில் ஹீற்றர் போடுவதா விடுவதா என்பதைத் தீர்மானிப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறோம்.

போரில் அகப்பட்டு வந்தவர்களின் விடயம் வேறு மாதிரி. கால் நடக்கும், ஆனால் தனியே பஸ்ஸில் ஏற முடியாது. சீருடையைக் கண்டால் உடம்பு விறைத்துவிடும். "எப்படி வந்தீர்கள்?" என்றால் "பஸ்ஸில்" என்பார்கள், கூட வந்த நண்பரைச் சொல்ல மாட்டார்கள். மனத் துயரால் பயணம் செய்ய முடியாதவர்களுக்குப் புள்ளியைக் குறைக்க 2017 மார்ச்சில் விதி மாற்றினார்கள். அதே ஆண்டு டிசெம்பரில் உயர் நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்துச் செய்தது. இதை நம்மவர் பலர் இன்னும் அறியவில்லை. பழைய மறுப்புக் கடிதத்தை வைத்துக்கொண்டு, திரும்ப விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள்.

மொழி பற்றி இரண்டு விடயம். முதலாவது, ஆங்கிலம் தெரியாததற்குப் புள்ளி இல்லை. பேசுவதும் வாசிப்பதும் தாய்மொழியில் முடியுமா என்றுதான் விதி பார்க்கிறது. இதைத் தெரியாமல் விண்ணப்பம் முழுக்க "இங்கிலிஷ் தெரியாது" என்று எழுதி இடத்தை வீணாக்குகிறார்கள். இரண்டாவது, தீர்ப்பாயம் இலவசமாக உரைபெயர்ப்பாளர் தரும், ஆனால் எந்தத் தமிழ் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். இந்த ஆண்டு ஒரு விசாரணையில் வந்தவர் தமிழ்நாட்டுத் தமிழ் பேசுபவர், நல்ல மனிதர். "கால் உளையுது, படி ஏற ஏலாது" என்று ஐயா சொன்னது அவருக்குப் பிடிபடவில்லை. நீதிபதியிடம் அனுமதி கேட்டு உளையுது (வலிக்கிறது), ஏலாது (முடியாது) என்ற இரண்டு சொல்லையும் விளக்கச் செய்தோம். உரைபெயர்ப்பது எங்கள் வேலை இல்லை, விண்ணப்பதாரருக்குப் பதிலாகப் பதில் சொல்வதும் இல்லை. புதிய தொண்டர்கள் இதில்தான் தடுக்குகிறார்கள், அன்பினால் முந்திப் பேசிவிடுகிறார்கள்.

எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். ஒருவரின் வைத்தியர் கடிதத்தை விசாரணைக்கு இரண்டு நாள் முன்புதான் அனுப்பினோம். குழுவினர் அதை வாசிக்க நேரமில்லாமல் விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. அவர் இன்னும் காத்திருக்கிறார். அவரிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டோம். இப்போது ஒவ்வொரு கோப்பின் மேலும் திகதி எழுதி ஒட்டுகிறோம். அப்புறம், ஏற்கெனவே ஒரு பகுதி கிடைத்தவர்கள் மற்றப் பகுதிக்கு மேன்முறையிட வரும்போது, தீர்ப்பாயம் முழு முடிவையும் பார்க்கலாம், கையில் இருப்பதும் குறையலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம். இந்த ஆண்டு ஓர் அக்கா அதைக் கேட்டு, வீட்டில் யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தா. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

2025 மார்ச்சில் அரசு வெளியிட்ட யோசனைகளைக் கேட்டு இங்கே பலர் நித்திரை கொள்ளவில்லை. ஏதாவது ஒரு செயற்பாட்டிலாவது 4 புள்ளி எடுத்தால்தான் நாளாந்த வாழ்க்கைப் பகுதி கிடைக்கும் என்றார்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து எட்டு எடுத்தவர்கள் நம்மிடம் நிறைய. ஜூலை 1ஆம் திகதி அந்தப் பகுதியைச் சட்டமூலத்திலிருந்து எடுப்பதாக அரசு அறிவித்தது, பிறகு எடுத்தும்விட்டார்கள். அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் தலைமையில் மீளாய்வு நடத்துவதாகவும் அறிவித்தார்கள். 2025 செப்டெம்பர் வரை விதி மாறவில்லை, ஆகவே பயந்து எவரும் விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம்.

குடிவரவு, விசா பற்றி மேசையில் கேட்காதீர்கள். அதற்குச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும், எங்களிடம் இல்லை.

வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எங்களுக்குப் பெண் தொண்டர்கள் வேண்டும், குறைந்தது இரண்டு பேர். குளிப்பது, உடுப்பது, கழிவறை பற்றிய கேள்விகளுக்கு எத்தனையோ அம்மாமார் எங்கள் முன்னால் "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லிவிட்டு, பிறகு வெளியில் வைத்து என் மனைவியிடம் அழுதிருக்கிறார்கள். அந்தப் புள்ளிகள் எல்லாம் எழுதப்படாமலே போகின்றன. படிப்புத் தகுதி தேவையில்லை, நாங்கள் பழக்குவோம். தமிழ்ப் பாடசாலை முடிந்த பிறகு சனிக்கிழமைகளில் பின் அறையில் இருப்போம். மறுப்புக் கடிதம் வந்தவர்கள் அன்றைக்கே கொண்டுவாருங்கள். முடிவை எதிர்த்துக் கேட்கக் கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து ஒரு மாதம்தான்.

நன்றி.

செயலாளர்