நகர் குடியிருப்போர் நலச் சங்கம், கோயம்புத்தூர்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024–2025)

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், இன்று வருகை தந்திருக்கும் நகர்வாசிகள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு 9 முறை கூடியது. சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றப்பட்டது. பொங்கல் விழா வழக்கம்போல் நடைபெற்றது. எரியாத தெருவிளக்குகள் குறித்து இரு மனுக்கள் அளித்தோம்; விளக்குகள் சரிசெய்யப்பட்டன.

கடந்த பொதுக்குழு என் பொறுப்பில் ஒப்படைத்த பணி, நம் வீடுகள் வெளியேற்றும் கரியமில வாயுவைக் குறைப்பதற்கான வழிகளைக் கண்டு செயல்படுத்துவது. சங்கப் பணத்தில் மீட்டர் வாங்கிக்கொண்டு செயலாளர் வீடு வீடாகச் சுற்றுகிறார் என்று பேசப்பட்டது என் காதுக்கும் வந்ததால், இதைச் சற்று விரிவாகவே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வாங்கியது ப்ளக்கில் மாட்டி மின்செலவை அளக்கும் சிறு கருவி ஒன்று மட்டுமே. செயற்குழுவின் ஒப்புதலோடு வாங்கப்பட்டது. ரசீது பொருளாளரிடம் உள்ளது. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது என்பதால், நாம் செலவிடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் வெளியேறுகிறது. எந்தப் பொருள் எத்தனை யூனிட் எடுக்கிறது என்று தெரியாமல் குறைக்க இயலாது. ஆகவேதான் அளந்தேன்.

அளந்தபோது வீட்டுக்காரர்களே எதிர்பாராதவை தெரியவந்தன. ஒரு வீட்டில் தொலைக்காட்சியை அணைத்த பிறகும் செட்டாப் பாக்ஸ் 12 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. இரு மாதக் கணக்கில் இது 17 யூனிட். இன்னொரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவிடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி, நுனியைப் பிடித்து இழுத்தேன். தடையின்றிக் கையோடு வந்தது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் காஸ்கெட் தளர்ந்து குளிர் வெளியேறியதால் கம்ப்ரெஸர் ஓய்வின்றி ஓடியிருக்கிறது. காஸ்கெட்டை மாற்றிய பின் அந்த அம்மா, இரவில் சமையலறையில் அந்த உறுமல் கேட்பதில்லை என்று கூறினார்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கிறது, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினாலே இரு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுவதால், அந்த எல்லையில் நிற்கும் வீடுகளுக்கு இது பில்லிலும் தெரியும்.

ஏ.சி.யை 24 டிகிரியில் வைக்கச் சொல்லிப் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சுகிறது. அதைவிடப் பெரிய சேதம், கசிவைக் கண்டுபிடிக்காமல் ஆண்டுதோறும் வாயு நிரப்புவதில் இருக்கிறது. ஏ.சி.யில் குளிரூட்டப் பயன்படும் ஆர்-410ஏ வகை வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், இரண்டு டன் கரியமில வாயு கலந்ததற்குச் சமம். பழுது பார்ப்பவரிடம் முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள்; பிறகு நிரப்பட்டும்.

பொதுக் கிணற்று மோட்டாருக்குத் தானியங்கி நிறுத்தி பொருத்தப்பட்டது. 5 குதிரைத்திறன் மோட்டார், தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் தினமும் 20 நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரமும் நிலத்தடி நீரும் ஒருசேர வீணாகிக்கொண்டிருந்தன. இச்செலவை எதிர்த்த உறுப்பினர்கள் இப்போது மின்கட்டண ரசீதைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2024 ஏப்ரலில் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து பல நாள் புகைந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். நம் வீட்டு எச்சில் சோறும் காய்கறித் தோலும் கிடங்கில் காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது கரியமில வாயுவைவிடப் பலமடங்கு வலியது. எனவே பூங்கா மூலையில் 6 பீப்பாய்களில் உரம் தயாரிக்கத் தொடங்கினோம். முதல் மாதம் நாற்றம் அடித்ததும் புழு வைத்ததும் உண்மை. ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரு பங்கு சருகு போட வேண்டும் என்பதை நான் முன்கூட்டியே வலியுறுத்தியிருக்க வேண்டும், அத்தவற்றை ஏற்கிறேன். சருகைச் சேர்த்து, வாரம் இருமுறை கிளறிய பின் நாற்றம் நின்றது. செப்டம்பரில் அள்ளிய உரம் கருத்து, உதிரியாக, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருந்தது. ஆயினும் 'பீப்பாயை அகற்று' என்று கையெழுத்து வாங்கியவர்களில் ஒருவர்கூட அதன்பிறகு வந்து பார்க்கவில்லை என்பது எனக்கு வருத்தமே.

சமையல் எரிவாயுவில், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு வெளியேறும். பருப்பையும் கடலையையும் ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்ததில், 40 நாள் வந்த சிலிண்டர் 48 நாள் வருவதாக ஒரு குடும்பத்தினர் தேதி குறித்துக் காட்டினர். ஆண்டுக்கு ஒன்றரை சிலிண்டர் மிச்சம்.

நான்கு வீடுகளில் 3 கிலோவாட் சூரிய மின்தகடுகள் அமைக்கப்பட்டுள்ளன. மத்திய அரசுத் திட்டத்தில் இந்த அளவுக்கு ரூ. 78,000 மானியம் கிடைக்கிறது. நாளுக்குச் சராசரியாக 12 யூனிட் உற்பத்தியாகிறது. விண்ணப்பிக்க விரும்புவோருக்கு உதவ நான் தயார்.

இத்தனை இருந்தும், வீட்டு மின்செலவைக் குறித்துவைக்கும் பதிவேட்டுக்கு, 84 வீடுகளில் அளவு தந்தவை 31 மட்டுமே. மார்ச் மாதச் செயல்விளக்கத்துக்கு 7 பேர் வந்தனர். ஆண்டுச் சந்தா ரூ. 600-ஐ 37 வீடுகள் இன்னும் செலுத்தவில்லை; அவற்றில் சில, இரண்டாம் ஆண்டாக. பெயர்களை வாசிக்கப் போவதில்லை. பீப்பாய்க்கும் தானியங்கிக்கும் ஆன செலவு, சந்தா செலுத்திய 47 வீடுகளின் பணம். இன்றும் குறைந்தபட்ச வருகைக்காகக் கூட்டத்தை அரை மணி நேரம் ஒத்திவைக்க நேர்ந்ததை நீங்களே கண்டீர்கள்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் அளிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. நிலுவை வந்தால் சரியாகிவிடும். தலைவருக்கும், பொருளாளருக்கும், காவலாளிக்கும், தூய்மைப் பணியாளர்களுக்கும், பீப்பாய்களைக் கிளறிய மூன்று சகோதரிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மேலும் 6 பீப்பாய்கள் தேவை. காலையில் ஒரே பள்ளிக்குத் தனித்தனியே 11 கார்கள் புறப்படுகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ கரியமில வாயு என்பதால், அந்தப் பெற்றோர் சேர்ந்து ஒரு வேன் அமர்த்த முன்வந்தால் சங்கம் ஏற்பாடு செய்யும். மூன்றாம் ஆண்டாகவும் நானே செயலாளராக இருக்க வேண்டும் என்ற விருப்பம் எனக்கு இல்லை. பொறுப்பேற்க ஒருவர் முன்வந்தால் பதிவேட்டையும் மின்செலவை அளக்கும் கருவியையும் இன்றே மகிழ்வுடன் ஒப்படைப்பேன். எவரும் வராவிட்டால் பணியை விட்டுவிட மனமில்லை. ஆனால் உரம் கிளற வாரத்துக்கு இருவர் உடன் வர வேண்டும். அடுத்த மின்கணக்கெடுப்பு முடிந்ததும், மாலை 6 முதல் 8 மணி வரை பதிவேடு சங்க அறையில் இருக்கும். மின் அட்டையைக் கொண்டுவாருங்கள். சந்தாவையும் அங்கேயே செலுத்தலாம்.

செயலாளர்