அந்த டிஸ்கை அழித்துவிடாதே, அக்கா

அக்கா,

"அந்த ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் பண்ணிடட்டுமா? ஒரு வருஷம் ஆச்சு" என்று நேற்றிரவு ஒரே வரி அனுப்பியிருந்தாய். போனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம். காரணத்துக்கு வருகிறேன்.

இதை நாலு பேர் படிப்பார்கள். ஆகவே போன வருடம் உன் கோப்புகளையெல்லாம் பூட்டிய அந்த மென்பொருளின் இணைப்பை உனக்கு அனுப்பியவர் யார், எந்தத் தளம் என்பதெல்லாம் இங்கே வராது.

அன்று நீ போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "விண்டோஸ் அப்டேட் ஆயிட்டிருக்குடா, பர்சன்டேஜ் ஏறிக்கிட்டே இருக்கு." நான், "ஆகட்டும், நடுவுல ஆஃப் பண்ணிடாதே" என்றேன். உண்மையான விண்டோஸ் அப்டேட் செட்டிங்ஸுக்குள் நடக்கும்; இல்லையென்றால் ரீஸ்டார்ட் ஆகும்போது திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பின் நடுவே சின்னப் பெட்டியாக வந்து நிற்காது. நீ பார்த்தது ஸ்டாப்-டிஜேவியூ என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரல், காட்டும் போலிப் பெட்டி. அந்தச் சதவீதம் ஏற ஏற, பின்னால் உன் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன. "பெட்டி எப்படி இருக்கு, எங்க இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். வைஃபையைத் துண்டித்து, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கச் சொல்லியிருப்பேன். பாதியாவது மிஞ்சியிருக்கும். மன்னித்துவிடு.

ஆனால் அந்த இன்ஸ்டாலரை ஓட்டியது நீதான், அக்கா. குரல் பதிவுகளை ஒட்டுவதற்குக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளின் கிராக், அந்தத் திருட்டுப் பதிப்பு, எதற்கு? அதே வேலையை ஆடாசிட்டி இலவசமாகச் செய்யும். கேட்டிருந்தால் அதன் சொந்தத் தளத்தின் முகவரியையே அனுப்பியிருப்பேன். நீ இறக்கிய ஜிப்புக்குக் கடவுச்சொல் போட்டிருந்தார்கள், அந்தக் கடவுச்சொல்லையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் காட்டுகிற பூட்டு எதற்கு? ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்கு. அடுத்த வரியிலேயே "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்". நீ அணைத்தாய். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திற என்று சொல்பவன் யாராக இருப்பான்? இன்றும் எனக்கு ஆறவில்லை.

அதையும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவன் நான். தினசரிப் புழக்கத்துக்கே உனக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கைக் கொடுத்துவிட்டேன். சாதாரணக் கணக்காக இருந்தாலும் உன் கோப்புகளை அது பூட்டியிருக்கும். அதற்கு அட்மின் உரிமை தேவையில்லை. ஆனால் விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் ஷேடோ காப்பிகளை அழிக்க அந்த உரிமை வேண்டும். எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ என்று போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யாமல் விட்டதும் நான்தான். அது இல்லாததால் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்ற கோப்பு உனக்கு 'பில்.பிடிஎஃப்' என்றே தெரியும். 2000-இல் 'ஐ லவ் யூ' புழு உலகம் முழுக்கப் பரவியதில் இந்த மறைப்புக்கும் பங்குண்டு. இத்தனை வருடம் கழித்தும் விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கிறது, நானும் அப்படியே விட்டேன்.

அதைவிடப் பெரிய தவறு மறுநாள் நடந்தது. "பேக்கப் டிஸ்கைச் செருகிப் பாரு, அதுல எல்லாம் இருக்கும்" என்றேன். அந்த ரான்சம்வேர், நிரல்களைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் தன்னைப் பதிந்துகொண்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மறுபடி ஓடும். நீ செருகினாய். அதிலிருந்தவையும் போயின. சுத்தம் செய்யாத கம்ப்யூட்டரில் பேக்கப்பைச் செருகவே கூடாது. எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்க்கும் பேக்கப் ஆகாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில், அதிலும் ஒன்று கம்பியிலிருந்து கழற்றி வைத்தது. உனக்கு ஒரே ஒரு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு அதைப் பேக்கப் என்று சொன்னேன்.

ஒன்று மட்டும் இன்னும் செய்யவில்லை என்று நினைக்கிறேன். இந்த வகை ரான்சம்வேர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கிகளையும் திருடும் இன்னொன்றையும் கூட்டி வரும். நீ ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கிறாய் என்று தளத்துக்குச் சொல்லும் அடையாளம்தான் குக்கி; அது கையில் இருந்தால் ஓடிபி இல்லாமலே உன் கணக்குக்குள் உட்கார்ந்துகொள்ளலாம். நீயோ அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றினாய். வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து மறுபடி மாற்று. முதலில் மின்னஞ்சல், அப்புறம் வங்கி, பிறகு மற்றவை. ஒவ்வொன்றிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்து. மின்னஞ்சல் அமைப்புகளில் நீ போடாத ஃபார்வர்டிங் முகவரி ஏதாவது இருக்கிறதா என்றும் பார். இதை இன்றைக்கே செய்.

இனி நீ அழிக்கக் கேட்ட அந்த பேக்கப் டிஸ்க்.

உள்ளே ஒவ்வொரு ஃபோல்டரிலும் '_ரீட்மீ' என்ற குறிப்பு இருக்கும். 980 டாலர் கேட்பார்கள், 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. நீ கொடுக்காதது நல்லது. அந்தக் குறிப்பின் அடியில் உள்ள ஐடியைப் பார். அது 'டி1' (t1) என்று முடிந்தால், அன்று அதனால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, பலருக்கும் பொதுவான சாவியால் பூட்டியிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட சாவிகள் சில கிடைத்திருக்கின்றன. எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இலவசத் திறப்பான் வெளியிட்டது. யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் தேடு. 'எதையும் திறந்து தருகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதே; அவர்கள் தரும் திறப்பான்களில் சில இன்னொரு ரான்சம்வேர்.

ஐடி வேறு மாதிரி முடிந்தாலும் அழிக்காதே. இந்த ரான்சம்வேர் ஓர் அவசரக்காரத் திருடன். பெரிய கோப்பை முழுக்கப் பூட்டாமல், தொடக்கத்தில் ஏறக்குறைய 150 கேபியை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடும். புகைப்படங்களுக்கு அதுவே பெரிய அடி. ஆனால் உன் ரெக்கார்டர் பதிந்தது வேவ் (WAV) கோப்பு, ஒலியைச் சுருக்காமல் அப்படியே வரிசையாக வைத்திருப்பது. 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் ஒரு நொடிக்கு 88,200 பைட். கணக்குப் போட்டுப் பார். இது தெரியாமல் ஒரு வருடம் உன்மேல் கோபமாக இருந்திருக்கிறேன். அன்று நீ பார்க்க அனுப்பிய ஒரே கோப்பின் நகலில் நேற்றிரவு செய்து பார்த்துவிட்டேன்.

சுத்தமான கம்ப்யூட்டரில் மட்டும் டிஸ்க்கைச் செருகு. கோப்பை நகலெடு, மூலத்தைத் தொடாதே. ஆடாசிட்டியில் ஃபைல், இம்போர்ட், ரா டேட்டா. என்கோடிங்: சைன்டு 16 பிட் பிசிஎம். பைட் ஆர்டர்: லிட்டில் எண்டியன். சேனல்: மோனோ. சாம்பிள் ரேட்: 44100. முழுவதும் இரைச்சலாகவே வந்தால் ஆஃப்செட்டில் 1 போட்டு மறுபடி முயன்று பார்.

ஹெட்போன் போடாதே, சத்தத்தைக் குறைத்து வை. முதல் ஒன்றே முக்கால் நொடி கடுமையான இரைச்சல் வரும். அதற்கப்புறம் அம்மா பேசுவாள்.